கண்ணாடித் தட்டில் என் காது

என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்போது என் வலது பக்கமாக வந்து நின்றுதான் பேசுகிறார்கள். டீக்கடைக்காரர், வீட்டுக்காரர், கம்பெனி பஸ் டிரைவர் என்று எல்லோரையும் பழக்கி வைத்திருக்கிறேன். தெரியாதவர்கள் இடது பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவனுக்கு என்ன இவ்வளவு திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். என்ன ஆச்சு, எங்கே காட்டினாய், வலித்ததா என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இதில் என் மானம் போகிற இடம் ஒன்று உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை. அதைப் படிக்க வேண்டியவர்கள் இந்த ஒரகடம் தொழிற்பேட்டைச் சாலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் சாத்தூர்ப் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு இங்கே வந்து, கார்க் கதவுத் தகடுகளை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். அந்த இயந்திரம் ஒருமுறை இறங்கினால் நெஞ்சுக்கூடு அதிரும். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் நிற்போம். பேச்சு முழுக்கக் கையாலும் புருவத்தாலும்தான். பெரிய பிரஸ்ஸில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் என்று ஜோடியாக நிற்க வேண்டும். இரண்டு பேரும் தத்தம் பொத்தான்களை அமுக்கினால்தான் அது இறங்கும். என் ஜோடி தயாளன், வாலாஜாபாத்துக்காரன். ஏழு வருடம் ஒரே பிரஸ்ஸில் நின்றோம். அவன் புருவத்தைத் தூக்கினால் தகடு கோணல் என்று அர்த்தம். கன்னத்தைச் சொறிந்தால் சூப்பர்வைசர் வருகிறார். வயிற்றைத் தடவிக்கொண்டு முகத்தைச் சுளித்தால் கேன்டீனில் இன்றைக்கும் சாம்பார் சாதம்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்குக் காது பரிசோதனை வண்டி வரும். வண்டிக்குள் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். இடது காதுக்குத் தனியாக, வலது காதுக்குத் தனியாக. பரிசோதகரின் விரல் எப்போது அழுத்துகிறது என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. ஆனால் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் வரிசை கண்ணாடி வழியாக நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடம் தொடர்ந்து ஃபெயிலானால் பிரஸ்ஸிலிருந்து எடுத்து, சாமான் கிடங்கான ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். ஜோடி உடைந்துவிடும். அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உள்ளே இருப்பவனின் ஜோடி வரிசையில் முதல் ஆளாக நிற்பான். பரிசோதகர் விரலை அழுத்தும்போதெல்லாம் மூக்கைச் சொறிவான். உள்ளே இருப்பவன் பொத்தானை அமுக்குவான். இதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைத்ததே இல்லை. ஜோடிக்குச் செய்கிற மரியாதை என்றே நினைத்தோம். என் இடது காது மந்தமான பிறகு வந்த இரண்டு பரிசோதனைகளிலும் தயாளன் மூக்கு சிவக்கச் சொறிந்தான். நானும் இரண்டு தடவையும் ஜோராகத் தேறினேன்.

கண்டுபிடித்தது என் மனைவி ஸ்டெல்லா. பென்னலூர்க்காரி. செல்போனுக்குள் போகும் சர்க்யூட் பலகைகளை நுண்ணோக்கியில் வைத்துக் குறை தேடுவது அவள் வேலை. நாள் முழுக்க அங்கே தேடிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் தொடர்வாள். நான் நடக்கும்போது இடது பக்கமாகவே ஒதுங்குகிறேன் என்றாள். முகம் கழுவக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கிறேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்தபோது ஏதோ சொல்லியிருக்கிறாள். நான் திரும்பவில்லை. கடைசியில் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா, மூணு வாட்டி உன்னைத் திட்னேன். கேட்டுச்சா?"

"என்னத்தத் திட்டுன?"

"அத்த இன்னொரு வாட்டி சொல்ல மாட்டேன். கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

ஸ்ரீபெரும்புதூரில் காது டாக்டரம்மாவின் பரிசோதனை அறை, குளிர்பதனப் பெட்டிபோலக் கனமான கதவு வைத்தது. உள்ளே அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு வெளியே மூக்கைச் சொறிய யாரும் இல்லை. பரிசோதனைத் தாளில் வலது காதின் கோடு மேலேயே போயிற்று. இடது காதின் கோடு படிக்கட்டில் தவறி விழுந்ததுபோல இறங்கியது.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"பிரஸ் ஷாப் மேடம். அங்கன எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

"சத்தத்துக்கு இடது வலது தெரியாதுங்க. கெடுத்தா ரெண்டையும்தான் கெடுக்கும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் போயிருக்கு. கம்பெனியில வருஷா வருஷம் டெஸ்ட் வைப்பாங்களே, அதுல தெரியலையா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "சொல்லு மாமா" என்றாள். சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் குழாய்க்குள் தள்ளும்போது, பெரிய சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று அங்கிருந்தவர் நாலு தடவை சொன்னார். எங்கள் பிரஸ்ஸோடு பார்த்தால் அது தாலாட்டு. நான் பாதியில் தூங்கிவிட்டேன். அந்த வாரத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த அரைமணி நேரம்தான்.

காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் உறையில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளரும். ஆனால் வளர்ந்து நாவல்பழம் அளவுக்கு வந்து, மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அறுவை சிகிச்சை டாக்டர் என் வயதுப் பெண். வேகமாகப் பேசுவார், சுற்றி வளைக்க மாட்டார்.

"சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா காதையும் காப்பாத்தப் பார்த்திருப்பேன். இப்ப காதுக்குப் பின்னால எலும்பைக் குடைஞ்சு, உள்காது வழியாத்தான் போகணும். அந்தக் காது முழுசாப் போயிடும். பக்கத்துலயே முகத்துக்குப் போற நரம்பு ஓடுது. அதைக் காப்பாத்தத்தான் நான் பாடுபடணும்."

முகத்தைக் காப்பாற்ற முடியாமல் போனால் என்ன ஆகும் என்று ஸ்டெல்லா கேட்டாள். பாதி முகம் தொங்கிவிடும், கண் மூடாது என்றார். புருவத்தாலேயே ஏழு வருடம் பேசிப் பிழைத்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பாதி வாழைப்பழத்தை என்னிடம் நீட்டினார். அழுதுகொண்டே வாங்கித் தின்றேன்.

தயாளனுக்கு விஷயம் தெரிந்ததும் ஷிப்டு முடிந்த சீருடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"நான்தான் மச்சான் உன் காதைத் தின்னுட்டேன். நான் மட்டும் சொறியாம இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல? இன்னா மனுசன்டா நான்."

எனக்கு அவன் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. இரண்டு நாளாக அவன் மூக்கை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் அப்படி நின்றதைப் பார்த்ததும் போய்விட்டது. "நீ சொறிஞ்ச, நான் அமுக்குனேன். ஒத்தையா நீ மட்டும் எப்படிக் குத்தவாளி ஆவ? உள்ள வா" என்றேன். ஸ்டெல்லா தோசை ஊற்றினாள். அழுதுகொண்டே ஏழு தின்றான்.

மருத்துவமனையில் சேர்ந்தபோது பகலில் ஸ்டெல்லா, மாலையில் தயாளன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லாவின் கம்பெனி லைனில் இருந்த பெண்கள் பேசிவைத்துக்கொண்டு அவளுடைய ஷிப்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். யாரும் அதை ஒரு பெரிய உதவியாகச் சொல்லவில்லை. நான் இங்கே சொல்கிறேன்.

அறுவைக்கு நான்கு நாள் முன்பு எனக்கு மறுபடியும் காது பரிசோதனை. முடிந்ததும் நான் பிடிவாதமாக நின்றேன். "இவனுக்கும் ஒரு தடவை பாத்துருங்க மேடம். நான் மூக்கைச் சொறிய மாட்டேன்." தயாளன் உள்ளே போனான். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தான். காகிதத்தைப் பார்த்த அறுவை டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு காதிலும் கீச்சென்ற சத்தங்களின் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. அவன் பெண்குழந்தை பேசுவது ஒரு வருடமாகச் சரியாகப் புரியவில்லை என்பதை அன்றைக்குத்தான் சொன்னான்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உள்காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். அதற்குள் வரிசையாக முடி செல்கள். பெயர்தான் முடி. ஒவ்வொரு செல்லின் தலையிலும் நாற்று நட்டதுபோல மிக நுண்ணிய கொத்து. சத்தம் வந்தால் அந்தக் கொத்து சாயும். சாய்ந்ததும் செல் நரம்புக்குச் செய்தி அனுப்பும். அதைத்தான் கேட்பது என்கிறோம். வருடக்கணக்கான இரைச்சலில் அந்த நாற்று படுத்துவிடும், செல்லும் செத்துவிடும்.

"திரும்ப மொளைக்காதா மேடம்?" என்றான் தயாளன்.

"கோழிக்கு முளைக்கும். நமக்கு முளைக்காது."

"கோழிக்கே கீது, நமக்கு இல்லியா? இன்னா மேடம் இது அநியாயமா கீது!"

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு என் ஸ்கேன் படத்தைக் காட்டினார். எனக்கு முடி செல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்குமாம், நரம்பு என்கிற ஒயர்தான் போய்விட்டதாம். தயாளனுக்கு ஒயர் நன்றாக இருக்கிறது, செல் செத்துவிட்டது. நான் உடனே கேட்டேன். "என்னோடதை எடுத்து இவனுக்கு வைக்க முடியாதா? எப்படியும் தூக்கித்தான போடப் போறீங்க."

முடியாது என்றார். ஆனால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொன்று சொன்னார். கேட்கும் சுருளுக்குப் பக்கத்து வீடு மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது. நாம் விழாமல் நிற்க உதவுவது அதுதான். அதிலும் இதே இனத்து முடி செல்கள். போகிற வழியில் அந்தப் பையை அவர் எடுத்தாக வேண்டும். வழக்கமாக அது குப்பைக்குப் போகும். ஓர் ஆய்வகத்தில் அதை உயிரோடு வைத்து, புதிய முடி செல்களை வளர்க்க முயல்கிறார்கள். உயிரோடு இருப்பவரின் உள்காதைச் சும்மா திறந்து எடுக்க முடியாது. என்னைப்போல அந்த வழியாக அறுவை செய்துகொள்ளும் நோயாளி சம்மதித்தால்தான் கிடைக்கும்.

"இதனால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இவருக்கும் நாளைக்கே ஒண்ணும் கிடைக்காது. மருந்தா வர இன்னும் எத்தனை வருஷமோ, வராமலும் போகலாம். அதைத் தெரிஞ்சுகிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

இப்படி வெளிப்படையாகப் பேசுகிறவரை நம்பாமல் யாரை நம்புவது? கையெழுத்துப் போட்டேன். அதுவரை அந்த அறுவையில் நான் இழப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. என் முட்டாள்தனத்தால் போகிற காதிலிருந்து ஒரு துணுக்காவது உயிரோடு இருக்கப் போகிறது, அதில் ஏதாவது முளைக்கலாம் என்று நினைத்தபோது முதுகு நிமிர்ந்தது.

அறுவை காலையில் தொடங்கி மாலையில் முடிந்ததாம். எனக்கு ஒரு நொடி. கண் விழித்ததும் டாக்டரின் முகம். "பல்லைக் காட்டுங்க. கண்ணை இறுக்கி மூடுங்க. புருவத்தைத் தூக்குங்க." எல்லாம் செய்தேன். அவர் கையை உயர்த்தி யாருக்கோ சைகை காட்டினார். ஸ்டெல்லாவை உள்ளே விட்டார்கள். அவள் என் முகத்தைத் தன் வேலைப் பலகையைப் பார்ப்பதுபோல ஓரம் ஓரமாகப் பார்த்தாள்.

"வாய் ஓரத்துல கொஞ்சூண்டு எறக்கம் கீது. பரவால்ல, ரீவொர்க் பண்ணிக்கலாம்" என்றாள். பிறகு என் கையை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினாள். அந்த இறக்கமும் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது.

அடுத்த ஐந்து நாள் உலகமே ஷேர் ஆட்டோவின் பின்சீட். தலையைத் திருப்பினால் சுவர் ஓடியது. குடித்த கஞ்சி நிற்கவில்லை. ஒரு பக்கச் சமநிலைப் பை போய்விட்டதால் மறுபக்கத்தை வைத்தே நிற்க மூளை புதிதாகப் பழக வேண்டும், அதற்கு நடப்பது ஒன்றுதான் மருந்து என்றார்கள். தயாளன் மாலையில் வந்து என் பைஜாமா நாடாவைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடத்துவான். "ரைட்ல ஏறு மச்சான், ரைட்ல ஏறு, லெஃப்ட்ல வண்டி வருது" என்பான். நர்ஸ்கள் சிரிப்பார்கள். பத்தாம் நாள் நாடாவை விட்டுவிட்டான். அது தெரியாமலே வராந்தா முனைவரை போய்த் திரும்பிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, ஸ்கேனில் கட்டி துளியும் இல்லை என்றார் டாக்டர். வேலைக்குப் போகலாம், ஆனால் பிரஸ் ஷாப் கூடாது, மிச்சமிருக்கிற ஒரு காதைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதாவது ஸ்டோர். எந்த இடத்துக்குப் போகாமலிருக்க அத்தனை திருட்டுத்தனம் செய்தோமோ அதே இடம். மனசு தொங்கிப் போயிற்று. அப்போது டாக்டர், "ஆய்வகத்துக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க" என்றார்.

அங்கே கயல் என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. மாதிரிகளுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது என்றாள். ஆனால் என் அறுவை நடந்த மாதம் வந்தது ஒன்றே ஒன்று என்று சொல்லிச் சிரித்தாள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய துணுக்கு. அதைக் கண்ணாடித் தட்டில், ரோஸ் நிறச் சத்து நீரில், உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்த்திருக்கிறார்கள். முதலில் ஒரு மருந்தால் அதிலிருந்த முடி செல்களைக் கொன்றுவிட்டார்கள். ஏன் கொன்றீர்கள் என்று கேட்டேன். பழையதை அழித்தால்தான் புதிதாக வந்ததைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்றாள். முடி செல்களைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணைச் செல்கள் அந்த மருந்திலும் பிழைத்துக்கொள்ளும். அவற்றுக்குள், 'நீ முடி செல்லாக மாறு' என்ற கட்டளையை, நோய் தராதபடி அடக்கிவைத்த ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு தினமும் அதைப் பேணிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்.

"மாறிச்சாம்மா?" என்றேன்.

அவள் விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியைக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். என் கண்ணிமையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெல்லா என்னை இடுப்பால் நகர்த்தினாள். யாரையும் கேட்காமல் இரண்டு கண்வில்லைகளையும் தன் அளவுக்குச் சரிசெய்தாள், திருகைத் தொட்டாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, பச்சையா கீதுங்க. தலைல கொத்து கொத்தா. ஐயோ, எவ்ளோ அழகா கீது தெரியுமா?"

மாறியவை பச்சையாக ஒளிரும்படி செய்திருக்கிறோம், பச்சையாகத் தெரிவது எல்லாம் புதியவை, எண்ணி முடித்துவிட்டோம் என்றாள் கயல். ஸ்டெல்லா கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனாள்.

"இங்க ஓரத்துல ஒண்ணு மங்கலா கீது பாருங்க. முடி ரொம்பக் குட்டை. இத்த சேத்தீங்களா?"

கயல் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். ஒரு தாளை எடுத்துச் சரிபார்த்தாள். "இல்லக்கா, சேர்க்கலை. இது இப்பத்தான் முளைக்க ஆரம்பிச்சிருக்கு" என்றாள். அந்தத் தாளில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஏதோ எழுதினாள். எங்கள் வீட்டில் தப்பைத் தேடித்தேடியே பழகிய கண், அன்றைக்கு ஒரு நல்லதைக் கண்டுபிடித்தது. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. சுற்றினால் நான் விழுந்துவிடுவேன் என்பதால் விட்டேன்.

கயல் தன் கணினியிலிருந்த படத்தைக் காட்ட அனுமதித்தாள். அங்கிருந்தே தயாளனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

"இன்னாடா இது, நாத்து வுட்டா மாதிரி கீது?"

"என் காதுடா. மனுசனுக்கு மொளைக்காதுன்னாங்கள்ல, தட்டுல மொளைச்சிருக்கு."

படம் அசைந்தது. பின்னால் அவன் பெண்குழந்தை ஏதோ கேட்டது. "இன்னாம்மா?" என்று அவன் இரண்டு தடவை கேட்டது எனக்குக் கேட்டது. பிறகு சொன்னான், "கோழிய ஜெயிச்சிட்டடா மச்சான்."

நான் ஸ்டோரில் சேர்ந்த ஆறாவது வாரம் பரிசோதனை வண்டி வந்தது. அதற்கு முன்பே கேன்டீனில் ஒரு மதியம் என் கதையை, மூக்கு உட்பட, பிரஸ் ஷாப்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். காதுக்குப் பின்னாலுள்ள தழும்பைக் காட்டினேன். எல்லோரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். நான் சொன்னது ஏறியதா என்று தெரியவில்லை.

அன்றைக்கு மதிய இடைவேளையில் வண்டிப் பக்கம் போனேன். வரிசை நீளமாக நின்றது. தயாளன் கூண்டுக்குள் போனான். போன வருடம் நான் நின்று ஜோடிக்குச் சைகை காட்டிய அதே முதல் இடத்தில் இப்போது புதிதாக வந்த அவனுடைய ஜோடி. பரிசோதகர் விரலை விசையில் வைத்தார். அந்தப் பையன் ஒரு நிமிடம் தயங்கினான். பிறகு கூண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் திரும்பினான். ஒவ்வொருவராக வரிசை முழுக்கத் திரும்பி, கேன்டீன் சுவரைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றது. பரிசோதகருக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் திரும்பிக்கொண்டேன்.

கதவு திறந்தது. தயாளன் காகிதத்தைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு இறங்கினான். நேராக வந்து என் வலது பக்கம் நின்றான்.

"ஃபெயிலு மச்சான்! சுத்தமா ஃபெயிலு!" என்று ஷாப்புக்கே கேட்கும்படி கத்தினான். "சூப்பர்வைசராண்ட நேத்தே பேசிட்டேன், ரெண்டாவது வாட்டி வரைக்கும் காத்துகினு இருக்கப் போறதில்ல. திங்கக்கெழமைலேந்து நானும் ஸ்டோரு. உனக்கு ஜோடி ஒருத்தன் வேணும்ல?"

பதிலுக்குப் புருவத்தைத் தூக்கினேன். இரண்டும் சமமாக ஏறின.